நம்பர் டூ எதைப் பார்த்துப் பறக்கிறார்?

மலேசியாவின் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்து ஹார்னெட் போர் விமானங்கள் ஒட்டினாற்போல் ஜோடியாகப் போனால், பீடோங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் நிற்பவர்களும் கைவேலையை விட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். கூட இருக்கும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: “எப்படி இடிச்சுக்காம போறாங்க?” பெரியவர்களுக்கும் அந்தக் கேள்வி உண்டு. 2015 மார்ச் 15-ல் லங்காவியில் ஒத்திகையின்போது இந்தோனேசிய சாகசக் குழுவின் இரண்டு விமானங்கள் மோதின. விமானிகள் நால்வரும் குதித்துத் தப்பினார்கள். 2024 ஏப்ரல் 23-ல் லூமுட்டில் கடற்படை ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி 10 பேர் இறந்தார்கள்.

சேர்ந்து பறக்கும்போது வேலை சமமாகப் பிரிக்கப்படுவதில்லை. வழி, உயரம், வானிலை, எரிபொருள் கணக்கு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச்சு எல்லாம் லீடர் பொறுப்பு. பக்கத்தில் பறக்கும் விங்மேனுக்கு, அதாவது நம்பர் டூ போன்ற துணை விமானிக்கு, முதல் வேலை லீடரின் விமானத்தைக் கண்ணில் வைத்திருப்பது. நெருக்கமான அணியில் அவர் முன்னாலுள்ள கருவிகளையோ தரையையோ நிதானமாகப் பார்க்க முடியாது. சிறகு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி, அமெரிக்க ஆகாயப்படையின் டி-38 பயிற்சி ஜெட்டில் 3 அடி, டி-6 விமானத்தில் 10 அடி. வேகத்தில் வெறும் 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு ஒரு மீட்டர் முன்னே நகர்ந்துவிடுவோம் என்பதை நினைத்தால், கண்ணை எடுக்க ஏன் விடுவதில்லை என்பது புரியும்.

அந்த இடத்தை எப்படிப் பிடிப்பது? கண்மதிப்பில் தூரம் அளந்து அல்ல. லீடர் விமானத்தில் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்வார்கள். உதாரணமாக, பக்கத்துச் சிறகு முனை விளக்கு ஒன்று, விமான உடலில் உள்ள ஒரு குறி மற்றொன்று. சரியான இடத்தில் இருந்தால் விளக்கு அந்தக் குறியின் மேலேயே நிற்கும். விளக்கு குறியை விட்டுப் பின்னால் நழுவினால் நாம் அதிகம் முன்னேறிவிட்டோம். விளக்கு குறிக்கு மேலே ஏறித் தெரிந்தால் நாம் கீழே இறங்கிவிட்டோம். விங்மேனின் கை, இயந்திர விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை ஓயாமல் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்கும். பெரிதாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு அதைச் சரிக்கட்ட இன்னொரு இழுப்பு இழுத்தால் ஊசலாட்டம் தொடங்கிவிடும். நான்கு விமான அணியில், மூன்றாம் விமானத்தைப் பார்த்துப் பறக்கும் நான்காம் விமானத்தில் அது இன்னும் பெரிதாகும். நான்காமவர் தடுமாறினால், பிழை அவரிடம்தான் தொடங்கியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

திருப்பங்கள் இன்னொரு சோதனை. தோட்டத்துச் செம்மண் சாலை வளைவில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் இணையாகப் போனால், வெளிப்பக்கம் இருப்பவர்தான் முறுக்க வேண்டும். வானத்தில் உயரமும் சேர்ந்துகொள்கிறது: வெளிப்பக்க விங்மேன் விசையைக் கூட்டி ஏறுகிறார், உட்பக்கத்தவர் குறைத்து இறங்குகிறார். லீடர் திடீரென்று சாய்ந்தால் இருவருக்கும் அதற்கு நேரம் கிடைக்காது. லீடரின் திறமை என்பதே மெதுவாக, ஒரே சீராகச் சாய்வதுதான்.

காற்றும் சும்மா இருப்பதில்லை. லீடரின் சிறகு முனையிலிருந்து சுழல் கிளம்புகிறது; முனைக்கு வெளியே காற்று மேலே தள்ளும், சிறகுக்குப் பின்னால் கீழே அழுத்தும். விங்மேனின் உட்பக்கச் சிறகு அந்த அழுத்தத்துக்குள் புகுந்தால் விமானம் லீடரை நோக்கியே உருளும். 1966 ஜூன் 8-ல் கலிபோர்னியாவில் படம் எடுப்பதற்காக ஐந்து விமானங்கள் நெருங்கிப் பறந்தபோது, பெரிய எக்ஸ்பி-70 விமானத்தின் சுழலில் எஃப்-104 போர் விமானம் ஒன்று சிக்கி மோதியது. இரண்டு விமானிகள் இறந்தார்கள்.

பேச்சைப் பார்ப்போம். வானொலியில் சொல் குறைவு. லீடர் அணியின் பெயரையும் புதிய சேனலையும் சொன்னால், மற்றவர்கள் “டூ”, “த்ரீ”, “ஃபோர்” என்று வரிசையாகத் தங்கள் எண்ணை மட்டும் சொல்வார்கள். யாருடைய எண் வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். சேனல் மாற்ற விங்மேன் தலையைக் குனிய வேண்டும். அதனால் லீடர் முதலில் அணியைத் தளர்த்தி இடைவெளி கொடுத்த பிறகே அதைக் கேட்பது நல்ல பழக்கம். கோபுரத்துக்கு முழு அணியும் ஒரே விமானம். சர்வதேச விதிப்படி ஒவ்வொருவரும் லீடரிடமிருந்து பக்கவாட்டிலும் முன்பின்னிலும் 1 கி.மீ.க்குள், உயரத்தில் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

வானொலி இல்லாமலும் பேசலாம். சேர்ந்து ஓடி மேலெழும்பும்போது லீடர் தலையைப் பின்னால் சாய்த்து, பிறகு முகவாய் மார்பில் படும்படி குனிவார்; அந்த நொடியில் இருவரும் பிரேக்கை விடுகிறார்கள். லீடர் விசையை முழுதாகத் தள்ளுவதில்லை, கொஞ்சம் குறைத்து வைப்பார்; இல்லையென்றால் பின்தங்கும் விங்மேனுக்குப் பிடித்து வர மிச்ச விசை இருக்காது. வானத்தில் சிறகுகளை ஆட்டினால் “சேர்ந்துகொள்”, வாலை இடவலமாக அசைத்தால் “விலகிப் போ”. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய்க் குடிப்பதுபோல் காட்டினால் “எரிபொருள் எவ்வளவு?” விரல்களால் பதில் வரும்; 1 முதல் 5 வரை விரல்கள் நிமிர்ந்தும், 6 முதல் 9 வரை படுக்கையாகவும். சைகைகள் படைக்குப் படை மாறும், ஆகவே கிளம்பும் முன் நடக்கும் கூட்டத்தில் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவு நம்பிக்கைக்கு ஒரு விலையும் இருக்கிறது. 1982 ஜனவரி 18-ல் நெவாடாவில் அமெரிக்க ‘தண்டர்பேர்ட்ஸ்’ சாகசக் குழுவின் நான்கு டி-38 விமானங்கள் பயிற்சியில் வட்டமடித்து இறங்கியபோது லீடரால் மேலே எழ முடியவில்லை. அவரையே பார்த்து வந்த மூவரும் அவரோடு தரையில் மோதினார்கள். லீடருக்குத் தரை, உயரம், எரிபொருள் மீது இரட்டை எச்சரிக்கை தேவை என்று சொல்வது இதனால்தான். ஆபத்து தெரிந்தால் யார் வேண்டுமானாலும் “நாக் இட் ஆஃப்” (நிறுத்துங்கள்) என்று சொல்லலாம். சொன்னதும் பயிற்சி நிற்கும். புதியவர் சொன்னாலும் அதே மதிப்புத்தான்.

மேகத்துக்குள் லீடர் மறைந்துவிட்டால்? “எங்கே போனார்” என்று தேடுவதுதான் மோதலுக்கு நேர்வழி. அமெரிக்கப் பயிற்சி முறையில், நேராகப் பறக்கும்போது விங்மேன் உடனே சொல்லிவிட்டு, லீடருக்கு எதிர்ப்பக்கமாக 15 பாகை சாய்ந்து 15 நொடி திரும்புவார். நான்காம் விமானி 30 பாகை சாய்ந்து 30 நொடி. கண் லீடரைவிட்டுக் கருவிகளுக்கு மாற வேண்டும். இதுவரை லீடரின் சாய்வையே தன் அடிவானமாகப் பார்த்தவருக்கு, சமமாகப் பறக்கும்போதும் சாய்ந்திருப்பதுபோல் தோன்றும், அந்த உணர்வை நம்பக்கூடாது. திருப்பத்தின்போது லீடர் மறைந்தால், வெளிப்பக்கம் இருந்தவர் எதிர்த்திசைக்குச் சாய்வை மாற்றுவார். உட்பக்கத்தவர் விசையைக் குறைத்து, லீடரைத் திருப்பத்தை நிறுத்தச் சொல்வார். லீடர் தன் திசையையும் உயரத்தையும் வேகத்தையும் சொல்லுவார். அதன்பின் கோபுரத்திடம் தனி அனுமதி கேட்க வேண்டும். மேகத்தை விட்டு வெளியே வந்தாலும், லீடரைத் தெளிவாகக் கண்டு அவர் ஒப்புக்கொள்ளும்வரை நெருங்கக் கூடாது. இல்லையென்றால் அவரவர் தனித்தனியாகத் தரையிறங்க வேண்டியதுதான்.