கரையேறிய பிறகும் விடாத உப்பு

பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பல் ஹாலண்ட் 1. 1901-ல் நீரில் இறங்கியது. பன்னிரண்டே ஆண்டுகளில் பழசாகிப்போய், 1913-ல் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டது. உடைக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போன வழியில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மூழ்கிவிட்டது. 1981-ல்தான் அது கிடக்கும் இடம் தெரிந்தது. மறு ஆண்டு மேலே தூக்கினார்கள்.

ஏறத்தாழ 70 ஆண்டுகள் கடலடியில் கிடந்தும் கப்பல் முழு உருவத்தோடு இருந்தது. சுத்தம் செய்து, துருத் தடுப்புப் பூச்சு பூசி, காஸ்போர்ட் ஊரில் இருக்கும் நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்தார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில்தான் வினை தொடங்கியது. கடலுக்குள் 70 ஆண்டுகளைத் தாங்கிய உலோகம், கரையில் கண்ணெதிரே அரித்துக்கொண்டே போனது. மேலே பூசிய எதுவும் அதைத் தடுக்கவில்லை, ஏனென்றால் காரணம் மேலே இல்லை. இரும்புக்குள் ஏறியிருந்த உப்புதான் காரணம்.

போர் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பீரங்கிகளையும் குண்டுகளையும் பார்க்கும்போது, இந்தப் பொருள்கள் எல்லா ஆபத்தையும் தாண்டி வந்துவிட்டன என்றுதான் நமக்குத் தோன்றும். கடலிலிருந்து வந்த இரும்புக்கு அது பொருந்தாது. அதன் வாழ்நாளிலேயே ஆபத்தான கட்டம், அதைக் கடலிலிருந்து வெளியே எடுக்கும் நாளில்தான் ஆரம்பிக்கிறது.

கடலடியில் கிடக்கும் ஒரு பீரங்கிக் குண்டை எடுத்துக்கொள்வோம். இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து, நேர்மின் அயனிகளாக மெல்ல மெல்லக் கரைகின்றன. உள்ளே நேர்மின்னூட்டம் கூடக்கூட, அதைச் சமன் செய்ய வெளியிலிருந்து எதிர்மின் அயனிகள் உள்ளே வந்தாக வேண்டும். கடல்நீரில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. நுணுக்கமான வெடிப்புகள், துளைகள் வழியாக இந்தக் குளோரைடு, துருவுக்கும் மீதமுள்ள நல்ல உலோகத்துக்கும் நடுவே போய்ச் சேர்கிறது. கரைந்த இரும்பு நீரோடு வினைபுரிவதால் அந்த இடம் அமிலமாகவும் மாறிவிடுகிறது. ஆக, குண்டின் வயிற்றுக்குள் அமிலமும் உப்பும் சேர்ந்த ஒரு கரைசல் ஊறிக்கொண்டே இருக்கிறது.

வெளிப்புறத்தில் வேறு கதை. கடல்நீரில் இருக்கும் சுண்ணாம்பு இரும்பின்மேல் படிகிறது. சிப்பிகளும் மற்றக் கடலுயிர்களும் ஒட்டிக்கொள்கின்றன. மணலும் கூழாங்கல்லும் கரைந்த இரும்போடு சேர்ந்து இறுகி, கல் போன்ற ஓடு உருவாகிறது. இந்த ஓடு உள்ளே போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிடுவதால் அரிப்பும் வேகம் குறைகிறது. இப்படியே இருந்தால் பொருள் நூற்றாண்டுகள் தாங்கும்.

வெளியே எடுத்து உலர விட்டால் கணக்கு மாறிவிடும். ஆக்சிஜன் தாராளமாக நுழைகிறது. நீர் ஆவியாக ஆவியாக உள்ளே இருக்கும் அமிலம் அடர்த்தியாகிறது. இரும்பு குளோரைடு, அககனைட் என்கிற துருக் கனிமமாகவும் வேறு துருக்களாகவும் மாறுகிறது. புதிய துருவுக்கு, அது எந்த இரும்பிலிருந்து வந்ததோ அதைவிட அதிக இடம் வேண்டும். அது அடியிலிருந்து நெம்பித் தள்ள, மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்து விழுகிறது. இதில் கொடுமையான சங்கதி என்னவென்றால், இந்த வினையில் குளோரைடின் பெரும்பகுதி செலவாவதில்லை. துருவை உண்டாக்கிவிட்டு விடுபட்டு, அடுத்த இரும்பு அணுவைத் தேடிப் போகிறது. கொஞ்சம் உப்பே நிறைய இரும்பை அழித்துவிடும். ஈரப்பதம் உள்ள நாள்களில் இப்படிப்பட்ட பொருள்களின்மேல் ஆரஞ்சு நிறத்தில் சிறு சிறு துளிகள் அரும்பும். இரும்பு அழுகிறது என்றே பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் அதைச் சொல்வார்கள். கடலிலிருந்து எடுத்த வார்ப்பிரும்புக் குண்டுகள், காற்றுப் பட்ட சிறிது நேரத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானதும் உண்டு. வினை அவ்வளவு வேகமாக நடக்கிறது.

வார்ப்பிரும்புக்கு இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. அதில் கார்பன் அதிகம். கடலில் கிடக்கும்போது இரும்பு மட்டும் கரைந்து போய்விட, கிராஃபைட் வலைப்பின்னல் அப்படியே நிற்கும். பார்த்தால் குண்டு முழுதாக இருக்கும், அளவெடுத்தாலும் பழைய விட்டமே வரும். தூக்கிப் பார்த்தால்தான் எடை குறைந்திருப்பது தெரியும். மேலடுக்கைக் கத்தியால் சீவிவிடலாம். அந்த மென்மையான அடுக்கில்தான் வார்ப்பு அச்சின் கோடு, உரிமையாளர் முத்திரை எல்லாம் இருக்கும். ‘துருதானே, சுரண்டி எடு’ என்று கம்பித் தூரிகையை எடுப்பவர் அந்த வரலாற்றையும் சேர்த்தே சுரண்டி எறிகிறார். பளபளவென்று மின்னும் பழைய பீரங்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிவது இதனால்தான்.

சரி, உள்ளே போன உப்பை எப்படி வெளியே எடுப்பது? உப்பு ஏறிய மாங்காய் ஊறுகாயைக் குழாயில் கழுவினால் மேலே இருக்கும் உப்பு போகும், உள்ளே ஏறியது போகாது. ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றித்தான் எடுக்க வேண்டும். இரும்புக்கும் அதே வழிதான். ஆனால் வெறும் தண்ணீரில் ஊறப்போட்டால் இரும்பு இன்னும் துருப்பிடிக்கும். அதனால் காரக் கரைசலில் போடுகிறார்கள். பெரும்பாலும் காஸ்டிக் சோடா, சில இடங்களில் சலவைச் சோடா. காரத்தில் இரும்பின்மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகி அரிப்பு நின்றுவிடுகிறது. கரைசலில் இருக்கும் ஹைட்ராக்சைடு அயனிகள் உள்ளே போய்க் குளோரைடின் இடத்தைப் பிடிக்க, குளோரைடு வெளியே வருகிறது. கரைசலை அவ்வப்போது சோதித்து, குளோரைடு ஏறிவிட்டால் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றுவார்கள். புதுக் கரைசலிலும் குளோரைடு ஏறாமல் நிற்கும்வரை இது தொடரும். சின்னக் குண்டுக்கே மாதக்கணக்கில் ஆகும். பீரங்கிக்குப் பல ஆண்டுகள்.

ஹாலண்ட் 1-க்கும் கடைசியில் இதைத்தான் செய்தார்கள். 1990-களின் நடுவில் கப்பலைச் சுற்றியே ஒரு கண்ணாடியிழைத் தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடாக் கரைசலை நிரப்பினார்கள். நான்கு ஆண்டுகள் ஊறிய பிறகே உப்பு அடங்கியது. 2001-ல் அது மறுபடி மக்கள் பார்வைக்கு வந்தது.

ஊறலை விரைவுபடுத்த மின்சாரத்தையும் பயன்படுத்துகிறார்கள். பொருளை எதிர்மின்வாயாக இணைத்து, சுற்றிலும் துருப்பிடிக்காத எஃகு வலையை நேர்மின்வாயாக வைக்கிறார்கள். குளோரைடு எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே இரும்பிலிருந்து விலகி வலைப்பக்கம் இழுபடுகிறது. இரும்பின் பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பி, ஒட்டியிருக்கும் கல்லோட்டையும் மெல்லத் தளர்த்துகின்றன. மின்னோட்டத்தைக் கூட்டிவிட்டால் அதே குமிழிகள் முத்திரை பதிந்த மென்மையான அடுக்கையும் சேர்த்துப் பிய்த்துவிடும். அதனால் வேகத்துக்கு ஆசைப்படாமல் மிகக் குறைந்த மின்னோட்டத்தில்தான் வேலை நடக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் மானிட்டர் கப்பலை வைத்துப் பார்த்தால் இந்த வேலையின் முழு அளவும் விளங்கும். 1862 மார்ச் 9 அன்று வர்ஜீனியா என்ற எதிரிக் கப்பலோடு மோதி, இரும்புக் கவசக் கப்பல்கள் இரண்டின் முதல் சண்டை என்று பெயர் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 31 அதிகாலையில் ஹாட்டெராஸ் முனைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள். அதன் சுழலும் பீரங்கிக் கூண்டை 2002-ல் தூக்கியபோது கூண்டு தலைகீழாகக் கிடந்தது. உள்ளே இரண்டு பீரங்கிகள், அவற்றோடு இரண்டு மாலுமிகளின் எலும்புக்கூடுகள், கம்பளி மேலங்கி, வெள்ளிக் கரண்டிகள். எலும்புகள் 2013-ல் ஆர்லிங்டன் தேசிய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. கூண்டு, வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் கடல்சார் அருங்காட்சியகத் தொட்டிக்குப் போனது.

ஒரு அங்குலத் தகடுகளை எட்டு அடுக்காக வைத்து முடுக்கிய சுவர் அது. ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவே உப்பு புகுந்திருக்கிறது, அங்கிருந்து வெளியே வர அதற்கு வழி மிகக் குறுகல். ஊறல் ஆண்டுக்கணக்கில் நீள்வது அதனால்தான். இடையிடையே தொட்டியை வடித்துவிட்டு, ஆள்கள் உள்ளே இறங்கிக் கல்லோட்டைக் கையாலேயே பெயர்ப்பார்கள். உலோகம் உலராதபடி நீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி நிரப்பிவிடுவார்கள்.

இரும்புக்கு மருந்தாகும் காரம் கம்பளிக்கு விஷம். காஸ்டிக் சோடாவில் கம்பளி கரைந்தே போய்விடும், தோலும் தாங்காது. நீரில் ஊறிய மரத்துக்கோ வேறு வைத்தியம். நீர் போன இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை ஏற்ற வேண்டும். அந்தப் பொருள் இரும்பை அரிக்கும். இப்போது கட்டையும் குழலும் சேர்ந்த ஒரு துப்பாக்கியை நினைத்துப் பாருங்கள். பிரிக்க முடிந்தால் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் வைத்தியம் செய்யலாம். பிரிக்க முடியாவிட்டால் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். ஆய்வகத்தில் நடக்கும் கடினமான வேலை இதுதான் என்பேன்.

அலுமினியத்துக்குக் காரம் ஆகவே ஆகாது, கரைந்துவிடும். 1940-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய டோர்னியர் 17 விமானத்தை 2013 ஜூனில் இங்கிலீஷ் கால்வாயிலிருந்து எடுத்தபோது, இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வைத்துச் சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளித்துத் தெளித்தே உப்பையும் கடற்படிவையும் எடுத்தார்கள். எலுமிச்சையைப் புளிக்க வைக்கும் அதே அமிலம்தான்.

இரும்பு ஒரேயடியாகக் கரைந்துபோன இடங்களும் உண்டு. எக்ஸ்-கதிர் படம் எடுத்துப் பார்த்தால் கல் ஓடு மட்டும் இருக்கும், உள்ளே வெற்றிடம். அதைத் தூக்கிப் போட்டுவிட மாட்டார்கள். பொருள் கரைவதற்கு முன்பே ஓடு அதைச் சுற்றி இறுகிவிட்டதால், அந்த வெற்றிடமே துல்லியமான அச்சு. சிறு துளை போட்டு எபாக்சி பிசினை ஊற்றி, இறுகியதும் ஓட்டை உடைத்தால், கோடரியோ கத்தியோ அதன் கடைசி வடிவத்தில் கையில் கிடைக்கும். இரும்பு இல்லை, ஆனால் சம்மட்டி பட்ட தடம்கூட இருக்கும்.

ஊறலின் நீளத்தைக் குறைக்கவும் முயற்சிகள் நடக்கின்றன. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உயர் அழுத்தத்தில் நீரைக் கொதிக்கவிடாமல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அந்த நிலையில் நீர் எளிதில் நுண்துளைகளுக்குள் புகுந்து வருவதால், மாதக்கணக்கில் ஆகும் வேலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் முடிகிறது. ஆனால் அழுத்தக் கலத்துக்குள் அடங்கும் சிறு பொருள்களுக்குத்தான் இது. அதே ஆய்வகத்தில் இருக்கும் ஹன்லி நீர்மூழ்கி 12 மீட்டர் நீளம். அதே அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-ல் எதிரிக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, தன் எட்டு மாலுமிகளோடு தானும் மூழ்கியது அது. 2000-ல் எடுத்தார்கள். எலும்புகளையும் உள்ளே இருந்த மண்ணையும் ஆய்ந்து அகற்றிய பிறகு, 2014-ல்தான் காரக் குளியல் தொடங்கியது.

ஊறல் முடிந்தாலும் உப்பு முழுக்கப் போய்விடாது. ஆகவே காற்றைக் கவனிக்க வேண்டும். ஈரம் குறைந்தால் மிச்ச உப்பால் வினையைத் தொடர முடியாது. கிரிமியப் போருக்குப் படைகளை ஏற்றிச் சென்ற எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் கப்பல் பிரிஸ்டலில் நிற்கிறது. அதன் அடிப்பகுதியைச் சுற்றி ஈரப்பதத்தை 20 சதவீதம் அளவிலேயே வைத்திருக்க எந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஈரப்பதம் 70, 80 என்று நிற்கும் நம் கடற்கரை நகரங்களில் இதைச் செய்ய எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நமக்கும் இந்தத் துறையில் ஒரு பழைய பெருமை உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. அங்கே வேதியியலாளர் எஸ். பரமசிவன் எதிர்கொண்டது செப்புத் திருமேனிகளை அரிக்கும் குளோரைடு. இரும்பில் ஆரஞ்சுத் துளியாக வருவது செம்பில் பச்சைப் பொடியாக வரும். அவரும் மின்னாற்பகுப்பைத்தான் கையில் எடுத்தார்.

நம் கரையிலும் கடலிலிருந்து பழைய இரும்பு கிடைக்க வாய்ப்பு உண்டு. குண்டு போலவோ எறிகணை போலவோ இருந்தால் தொடவே கூடாது, நூறு ஆண்டு ஆனாலும் வெடிமருந்து வெடிக்கலாம். காவல் துறைக்குச் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். நங்கூரம், ஆணி, சங்கிலி போன்றவை என்றால் வெயிலில் காயவைக்காதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அதே கடல்நீரில் முழுக்க மூழ்கும்படி போட்டு மூடிவைத்துவிட்டு, தொல்லியல் துறைக்கோ பக்கத்து அரசு அருங்காட்சியகத்துக்கோ தகவல் கொடுங்கள்.