குழம்பில் கலந்து கொடுக்கிற மருந்து

"டாக்டர், அவருக்குத் தெரியாம குழம்புல கலந்து கொடுக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க." குடிக்கும் கணவரைத் திருத்த நினைக்கும் மனைவிமார் மனநலப் பிரிவில் வாரம் தவறாமல் என்னிடம் கேட்பது இது. முடியாது என்றதும் பஸ் ஸ்டாண்டு சுவரில் இருக்கும் நம்பருக்கு போன் போட்டுப் பொட்டலம் வாங்கிவிடுகிறார்கள். போன வாரமும் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். முகம் செக்கச்செவேல், நிற்காத வாந்தி, பிரஷர் 80-க்குக் கீழே. மனைவி முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொட்டலத்தை நர்ஸ் பிரித்துப் பார்த்தார். பெயர் இல்லை, அளவு இல்லை, பழுப்புப் பொடி.

இப்படி ரகசியமாகக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் டைசல்பிராம். தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள், அது குடிக்கும் ஆசையைக் குறைக்கிற மருந்தே கிடையாது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உடம்பு படுத்தி எடுக்கும், அவ்வளவுதான். அந்தப் பயம்தான் அதன் வேலையே. விஷயமே தெரியாதவருக்கு என்ன பயம் வரும்? வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் அடிப்பார். இதயக் கோளாறு இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் ஆபத்து உண்டு. சரி, உயிர் பிழைத்துக் குட்டு வெளிப்பட்டால்? குடியை விட மாட்டார், வீட்டில் சாப்பிடுவதை விட்டுவிடுவார். அவர் தெரிந்து, சம்மதித்து, ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்த பிறகு கொடுத்தால் அதே மாத்திரை நல்ல மருந்து.

கார்த்திகை வந்தால் இன்னொரு கூட்டம். தினமும் குடிப்பவர் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவார். கை நடுங்கும், வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். 'சாமி குத்தம்' என்று மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரியில் சேருங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். சின்ன கிளினிக்குகளில் இதை மறந்துவிடுகிறார்கள், நீங்களே கேளுங்கள்.

நடுக்கம் அடங்கச் சுமார் ஒரு வாரம் ஆகும். சிகிச்சை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இருக்கின்றன. கூடவே கவுன்சலிங், மாதக்கணக்கில் ஃபாலோ-அப். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு முதலில் போங்கள்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா, நீங்கள் போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். ராத்திரி வேனில் வந்து கட்டித் தூக்கிப் போகிறோம் என்பவர்களிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அடி வாங்கித் திரும்புகிறவர் முதலில் தேடுவது டாஸ்மாக்கைத்தான்.

எங்கே போவது என்றே தெரியவில்லையா? போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுமே இலவசம். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது வாருங்கள் அம்மா. அவரிடம் எப்போது, எப்படிப் பேச்செடுப்பது என்பதையாவது சேர்ந்து யோசிக்கலாம்.