முயல் கூண்டை முயலின் உடம்பைப் பார்த்துக் கட்டுங்கள்

முயலுக்கு வியர்க்காது. உடம்பில் சேரும் சூட்டை வெளியேற்ற அதற்கு இருப்பவை முக்கியமாக இரண்டு வழிகள்தான்: காது, மூச்சு. அந்தப் பெரிய காதுகளில் மெல்லிய தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. சூடு ஏறும்போது அவை விரிந்து, அதிக ரத்தம் காது வழியாக ஓடி, காற்றில் ஆறித் திரும்புகிறது. ஆனால் சுற்றியுள்ள காற்று முயலின் உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் இது நடக்கும். முயலின் உடல் வெப்பம் ஏறக்குறைய 39 டிகிரி. மதுரையிலோ வேலூரிலோ மே மாத மதியத்தில் காற்றே 39-ஐத் தொட்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. மீதி இருப்பது மூச்சிரைப்பு ஒன்றுதான்.

முயலுக்கு இதமான வெப்பம் 15 முதல் 25 டிகிரி. 30-ஐத் தாண்டினால் தீனி எடுப்பது குறையும். 35-க்கு மேல் காற்றோட்டமும் இல்லையென்றால், முதலில் சாவது நிறைசினையாக இருக்கும் முயல்கள்தான். ஆண் முயலுக்கு வரும் பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. வெப்பத்தில் விந்தணுக்கள் கெட்டுப்போகும். புதிதாக உருவாக ஏழு வாரம் போல ஆகும். கோடை முடிந்து மழை விழுந்த பிறகும் பெட்டை சினை பிடிக்கவில்லை என்று சிலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியைச் சேர்ந்த வளை தோண்டும் முயல். மண்ணுக்கு அடியில் இருக்கும் குளிர்ச்சிதான் அதன் பாதுகாப்பு. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி மையத்தில் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனங்கள் நன்றாக வளர்கின்றன என்றால் அந்த ஊர்க் குளிருக்கும் அதில் பங்கு உண்டு. அதே முயலைச் சமவெளிக்குக் கொண்டுவந்து தகரக் கூரைக்குக் கீழே வைத்தால், வளையையும் பறித்துக்கொண்டு மலையையும் பறித்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

அதனால் கூண்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே கொட்டகையைப் பற்றி யோசியுங்கள். தென்னங்கீற்றோ ஓடோ போதும். தகரம்தான் இருக்கிறதென்றால் அதன் மேல் கீற்றைப் பரப்புங்கள். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் கூண்டுக்குள் நேராக அடிக்காது. பக்கங்களில் ஈரச் சாக்கு தொங்கவிடலாம், ஆனால் காற்று ஊடுருவிப் போக வேண்டும். காற்றில்லாத இடத்தில் ஈரம் சேர்ந்தால் புழுக்கம்தான் கூடும். ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைக் கூண்டுக்குள் கிடத்தினால் முயல் அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வீட்டளவில் ஐந்தாறு முயல் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

மழைக்கும் பூனைக்கும் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் அடுத்த ஆபத்து தொடங்குகிறது. முயல் சிறுநீரில் இருக்கும் யூரியா, புழுக்கையில் உள்ள பாக்டீரியாக்களோடு சேர்ந்ததும் அம்மோனியாவாக மாறுகிறது. நம் மூக்குக்கு எட்டும் வாடை வேறு, குப்பைக்கு மேலே சில அங்குலத்தில் மூச்சு விடும் முயலுக்கு எட்டுவது வேறு. கூண்டு மட்டத்துக்குக் குனிந்து அரை நிமிடம் இருந்து பாருங்கள். கண் கரித்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

மூக்கின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் தூசியையும் கிருமியையும் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அம்மோனியா அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. பாஸ்ச்சுரெல்லா என்ற பாக்டீரியா நலமாக இருக்கும் பல முயல்களின் மூக்கிலேயே குடியிருக்கும். காவல் ஓய்ந்ததும் அது பெருகி நுரையீரல் வரை இறங்கும். இதைக் கண்டுபிடிக்க மூக்கைப் பார்ப்பதைவிட முன்னங்காலைப் பாருங்கள். முயல் தன் மூக்கை முன்னங்காலின் உட்பக்கத்தால் துடைத்துக்கொள்ளும் பிராணி. அங்கே முடி ஈரமாகவோ, காய்ந்து திரிதிரியாக ஒட்டியோ இருந்தால் சளி பிடித்திருக்கிறது. விற்பவர் மூக்கைத் துடைத்துவிட்டுக் காட்டலாம், கால் முடியை அவ்வளவு சீக்கிரம் மறைக்க முடியாது. வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

நாற்றம் போக வேண்டும் என்று ஈரக் குப்பை மேல் சுண்ணாம்பு தூவும் வழக்கம் இருக்கிறது. செய்ய வேண்டாம். சுண்ணாம்பு காரம், காரம் பட்டதும் குப்பையில் அடங்கியிருக்கும் அம்மோனியாவும் வாயுவாகக் கிளம்பும். முதலில் குப்பையை வழித்து அகற்றி, தரையைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு அடியுங்கள்.

கூண்டின் அடித்தளத்துக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை (வெல்ட் மெஷ்) சரி. புழுக்கை கீழே விழும், குட்டியின் கால் சிக்காது, எலியும் நுழைவது கஷ்டம். ஆனால் முயலின் உள்ளங்காலில் நாய்க்கு இருப்பதுபோல் மெத்தைத் தசை கிடையாது, முடி மட்டும்தான். நாள் முழுக்கக் கம்பியிலேயே உட்கார்ந்தால், கனமான முயலுக்குப் பின்னங்காலில் புண் வரும். ஒரு மூலையில் முயல் படுக்கும் அளவுக்குப் பலகை போட்டு, அதை அடிக்கடி கழுவிக் காயவையுங்கள். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள். பிறந்த குட்டிகளை எறும்பு மொய்த்துக் கொன்றுவிடும், நம் ஊரில் பாம்பைவிட இதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

இனி வயிறு. முயலின் உடம்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சிறுகுடல் முடியும் இடத்தில் சீக்கம் என்ற குருட்டுக்குடல் இருக்கிறது. அது இரைப்பையைவிடப் பெரியது. பெருங்குடலின் முதல் பகுதி, வருகிற தீவனத்தைச் சலித்துப் பிரிக்கிறது. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நார்த்துகள்கள் நேரே வெளியே போகின்றன, நாம் தரையில் பார்க்கும் உருண்டைப் புழுக்கை அதுதான். பொடித் துகள்களும் சாறும் பின்னோக்கித் தள்ளப்பட்டு சீக்கத்துக்குள் போகின்றன. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து பி வைட்டமின்களையும் புரதத்தையும் உருவாக்குகின்றன. அப்படித் தயாரானது சளிப்படலம் போர்த்தி, சின்ன திராட்சைக் கொத்துபோல் மினுமினுப்பாக வெளியே வரும். முயல் குனிந்து ஆசனவாயிலிருந்தே அதை நேரடியாக எடுத்து விழுங்கிவிடும். இது நோயல்ல, அசிங்கமும் அல்ல, அதன் இரண்டாவது சாப்பாடு. தடுக்கக் கூடாது. அந்தக் கொத்து தின்னப்படாமல் தரையில் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். தீவனத்தில் சத்து அளவுக்கு மிஞ்சிவிட்டது அல்லது முயலுக்கு உடம்பு சரியில்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் நார்ச்சத்தை நம்பி ஓடுகிறது. குடலைத் தள்ளுவதே நார்தான். சோறு, மக்காச்சோளம், அரிசிக் குருணை என்று மாவுச்சத்தை அதிகம் கொடுத்தால், குட்டிகளின் சிறுகுடல் அத்தனையையும் செரிக்க முடியாமல் மீதி சீக்கத்துக்குப் போய்ச் சேரும். அங்கே கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியா அதைத் தின்று நஞ்சைக் கக்கும். பால் மறக்கவைத்த குட்டிகள் ஒரே இரவில் கழிந்து சாவதற்குப் பெரும்பாலும் இது காரணம். வேலிமசால், குதிரைமசால், முசுக்கொட்டை இலை, அறுகம்புல், காய்ந்த புல் என்று நார் உள்ளதைத் தாராளமாகக் கொடுங்கள். புதுத் தீவனத்தை ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு சிறுகச் சிறுக மாற்றுங்கள். சூபாபுல் (சவுண்டல்) மர இலையில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் அதைக் கொஞ்சமாக மட்டும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு அறவே வேண்டாம், அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை முயலின் ஈரல் தாங்காது.

மருந்து விஷயத்திலும் இதே சீக்கம்தான் முடிவு செய்கிறது. முயல் தும்முகிறது என்று வீட்டில் மீந்த அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றினால், சீக்கத்தின் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, கிளாஸ்ட்ரிடியம் பெருகி, வெறும் தும்மலோடு தப்பியிருக்க வேண்டிய முயல் கழிச்சலில் சாகும். பூனை, நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயும் முயலுக்கு விஷம். கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

காக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் கதையும் புழுக்கையோடு சேர்ந்ததுதான். புழுக்கையில் வெளியேறும் அதன் முட்டைகள் உடனே நோய் தராது. ஈரத்திலும் காற்றிலும் ஓரிரு நாளோ அதற்கு மேலோ கிடந்து முதிர வேண்டும். அந்தக் கெடுவுக்குள் குப்பையை அகற்றிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். கம்பித் தளமும் தினசரிச் சுத்தமும் அதற்காகத்தான். தீனியைத் தரையில் போடாமல் தொட்டியில் வையுங்கள்.

பெட்டையை ஆண் இருக்கும் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் தன் இடத்துக்குள் வந்த ஆணைப் பெட்டை கடித்துக் குதறலாம். முயலுக்குச் சேர்க்கைக்குப் பிறகுதான் கருமுட்டை வெளிப்படும், சுமார் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில். சினைக்காலம் 30 முதல் 32 நாள். 28-ஆம் நாள் குட்டி ஈனும் பெட்டியை உள்ளே வைத்தால், தாய் தன் முடியைப் பிடுங்கி மெத்தை போட்டுக்கொள்ளும். குட்டிகள் முடியில்லாமல், கண் மூடிப் பிறக்கும். தாய் ஒரு நாளைக்கு வழக்கமாக ஒரே முறைதான் பெட்டிக்குள் போய், மூன்று நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டு வந்துவிடும். தாய் கைவிட்டுவிட்டது என்று பதறி ஊட்டப் போகாதீர்கள். காலையில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு பூரித்திருந்தால் சரியாகக் குடித்திருக்கிறது. சுருக்கம் விழுந்திருந்தால் உதவி தேவை.

காட்டில் பிடித்த முயலைக் கொண்டுவந்து கூண்டில் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் காட்டு முயல் வேறு பேரினம், வளர்ப்பு முயலோடு இனம் சேராது. அதோடு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் குற்றம்.

நல்ல தீவனத்தில் 12 வாரத்தில் குட்டி ஏறக்குறைய இரண்டு கிலோ வரும். அதற்குள் மூக்கு ஓரத்திலும் காதிலும் நகத்தடியிலும் சொறி தெரிந்தால் தனியே பிரித்து வையுங்கள், கையுறை போட்டுத் தொடுங்கள், ஒரு வகைச் சொறிப்பூச்சி மனிதத் தோலிலும் அரிப்பு உண்டாக்கும். மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசி போட்டால், எத்தனை நாள் கழித்து அந்த முயலை அறுக்கலாம் என்று அவரிடமே கேட்டு, தேதியைக் கூண்டு அட்டையில் எழுதி வையுங்கள். அந்தத் தேதி வருவதற்குள் எவ்வளவு நல்ல விலை கேட்டு வந்தாலும் விற்காதீர்கள்.