உருளைக்கும் நுரையீரலுக்கும் நடுவே: ஆழ்முக்குளிப்புக்கு ரெகுலேட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?

ரெகுலேட்டர் என்றதும் சமையலறையில் எரிவாயு உருளையின் தலையில் பொருத்தும் கருவிதான் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும். உருளைக்குள் இருக்கும் அழுத்தத்தை அடுப்புக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்து, அந்த அளவிலேயே நிலையாக வைத்திருப்பது அதன் வேலை. ஸ்கூபா முக்குளிப்பவரின் ரெகுலேட்டரும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் பாரிசில் வாகனங்களை எரிவாயுவில் ஓட்ட வேண்டியிருந்தது. அதற்காகப் பொறியாளர் எமில் கான்யான் உருவாக்கிய வால்வைத்தான் அவரும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் 1943இல் நீருக்கடியில் மூச்சு வாங்கும் கருவியாக மாற்றியமைத்தார்கள். அடுப்புக்கு எப்போதும் ஒரே அழுத்தம் போதும். முக்குளிப்பவர் இறங்கும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுற்றியுள்ள அழுத்தம் ஏறத்தாழ 1 பார், அதாவது கடல்மட்டத்தில் காற்று நம்மை அழுத்தும் அளவு, கூடுகிறது. அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்று வாய்க்கு வந்து சேராவிட்டால் நெஞ்சை விரித்து மூச்சு இழுக்க முடியாது.

இந்த வேலை இரண்டு கட்டங்களில் நடக்கிறது. உருளையின் வால்வில் பொருந்தும் முதல் நிலை, 200 பார் அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் வரை மட்டுமே கூடுதலான இடைநிலை அழுத்தத்துக்குக் குறைக்கிறது. வாயில் கவ்வியிருக்கும் இரண்டாம் நிலையில், மூச்சை இழுத்ததும் ஒரு ரப்பர் சவ்வு உள்வாங்கி ஒரு சிறிய நெம்புகோலை அழுத்த, வால்வு திறந்து காற்று வருகிறது. இழுப்பதை நிறுத்தியதும் சுருள்வில் அதை மூடிவிடுகிறது.

பொழுதுபோக்கு முக்குளிப்பில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் நேரே மேலே வந்துவிடலாம். டெக்னிக்கல் டைவிங் எனப்படும் ஆழ்முக்குளிப்பில் அந்த வழி அடைபட்டிருக்கும். ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஸ்காப்பா ஃபுளோ என்ற கடற்பகுதியை எடுத்துக்கொள்வோம். 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியக் கடற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்த இடம் அது. அங்கே ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் மார்க்கிராஃப் போர்க்கப்பலைப் பார்க்கச் சென்று அரை மணி நேரம் தங்கியவர், உடலில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக வழியில் நின்று நின்றுதான் மேலேற முடியும். ஆகவே, எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது ரெகுலேட்டர் எவ்வளவு இதமாகக் காற்றைத் தருகிறது என்பதைவிட, பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 60 லிட்டர் வீதம் மூச்சு வாங்கும்போது அது ஈடுகொடுக்குமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த ஆழத்தில் அழுத்தம் 5.5 பார். அங்கே 60 லிட்டர் என்பது மேற்பரப்புக் கணக்கில் 330 லிட்டர். அவ்வளவும் ஒரே முதல் நிலையின் வழியே பாய வேண்டும். காற்றும் அங்கே கனத்துவிடுகிறது. மேற்பரப்பில் லிட்டருக்கு 1.3 கிராமுக்குச் சற்றே குறைவாக இருக்கும் அதன் அடர்த்தி, 45 மீட்டரில் ஏறத்தாழ 7 கிராம் ஆகிறது. மூச்சு வாயுவின் அடர்த்தி 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது முக்குளிப்பு மருத்துவத்தில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அடர்ந்த வாயுவை இழுத்து வெளிவிட நுரையீரல் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால் கரியமிலவாயு உடலில் தேங்குகிறது. தேங்கினால் மூச்சு முட்டுகிறது, முட்டினால் பதற்றம் கூடுகிறது, பதற்றம் மூச்சை இன்னும் வேகமாக்குகிறது. இதை எவ்வளவு விலை உயர்ந்த ரெகுலேட்டராலும் முழுவதும் ஈடுகட்ட முடியாது. ஆழம் செல்பவர்கள் ஹீலியம் கலந்த வாயுவைப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: 35 விழுக்காடு ஹீலியம் கலந்தால் அதே ஆழத்தில் அடர்த்தி 5 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். ரெகுலேட்டர் தன் பங்குக்குச் சுமையைக் கூட்டாமல் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தர விதியான இஎன் 250, 50 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சு வீதத்தில், ஒரு லிட்டர் வாயுவை இழுத்து விடுவதற்கான மூச்சு உழைப்பு 3 ஜூல் என்ற அளவைத் தாண்டக் கூடாது என்கிறது. விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

உருளை காலியாகக் காலியாக இடைநிலை அழுத்தம் மாறிவிடாதபடி சமநிலைப்படுத்தப்பட்ட முதல் நிலையே ஆழ்முக்குளிப்புக்கு ஏற்றது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சமநிலைப்படுத்தாத எளிய வகையில், வாயு தீர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் மூச்சு இழுக்கக் கடினமாகும். முதல் நிலையின் வால்வை இயக்குவது பிஸ்டனா (முன்பின் நகரும் தண்டு), டயாஃப்ரமா (வளையும் சவ்வு) என்ற கேள்விக்கு நீரின் குளிர்ச்சிதான் விடை சொல்ல வேண்டும். பிஸ்டன் வகையில் அசையும் பாகங்கள் குறைவு, பாய்ச்சல் மிகுதி. ஆனால் பெரும்பாலான பிஸ்டன் ரெகுலேட்டர்களில் நீர் உள்ளே வந்து வில்லைத் தொடுகிறது. 200 பாரிலிருந்து 10 பாருக்கு விரியும் வாயு கடுமையாகக் குளிர்வதால், ஏற்கெனவே குளிர்ந்த நீர் அந்த வில்லைச் சுற்றி உறைந்து, வால்வை மூட விடாமல் செய்யலாம். அப்படி நேர்ந்தால் வாயு நிற்காமல் கொட்டத் தொடங்கும். டயாஃப்ரம் வகையில் வெளிப்புறத்தில் இன்னொரு சவ்வை வைத்து நீரை முற்றிலும் தடுத்துவிடலாம். 10 பாகை செல்சியஸுக்கும் குறைவான குளிர்நீரில் இறங்குபவர்கள் இவ்வாறு அடைக்கப்பட்ட டயாஃப்ரமைத் தேர்வதே நல்லது. வெப்பக் கடலிலும் மணலும் உப்பும் உள்ளே போகாமல் இந்த அடைப்பு காக்கும்.

உருளையோடு இணைக்கும் முறையில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கவ்விப் பிடிக்கும் யோக் வகையைவிட, வால்வுக்குள் திருகி, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை நான்கு புறமும் சிறைப்படுத்தும் டின் (DIN) வகையே பாதுகாப்பானது. பாறையிலோ இரும்பிலோ இடித்தாலும் அது எளிதில் இடம் மாறாது.

முதுகில் இரட்டை உருளை சுமப்பவருக்கு ரெகுலேட்டர் என்பது ஒரு கருவி மட்டுமாக இருப்பதில்லை. இரண்டு முதல் நிலைகளும் இரண்டு இரண்டாம் நிலைகளும் சேர்ந்த ஒரு தொகுதி அது. வலப்புற வால்விலிருந்து சுமார் 2.1 மீட்டர் நீளக் குழாய் வருகிறது. முக்குளிப்பவர் வழக்கமாக மூச்சு வாங்குவது அதில்தான். தோழருக்கு வாயு தீர்ந்தால் அதையே கழற்றிக் கொடுத்துவிட்டு, கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும், இடப்புற வால்வோடு இணைந்த இன்னொன்றை வாயில் வைத்துக்கொள்வார். நீளக் குழாய் ஏன் வலப்புறத்தில் இருக்க வேண்டும்? குகையிலோ கப்பலுக்குள்ளோ முன்னோக்கி நீந்தும்போது இடப்புற வால்வின் திருகு கூரையில் உரசினால் அது மூடும் திசையில் சுழலும். வலப்புறத் திருகு திறக்கும் திசையில் சுழலும். உயிரைக் காக்க வேண்டிய குழாய் தானாக அடைபட வாய்ப்பில்லாத பக்கத்தில் இருக்கிறது. ஆகவே முதல் நிலையை வாங்கும்போது, அதன் துளைகள் குழாய்களை மடிப்பின்றிக் கீழ்நோக்கி இறக்க இடம் தருகின்றனவா என்று கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது அவசியம்.

மேலேறும் வழியில் 6 மீட்டரில் சுவாசிக்கும் தூய ஆக்சிஜனுக்குத் தனி உருளையும் தனி ரெகுலேட்டரும் வேண்டும். வால்வைச் சட்டென்று திறந்தால் வாயு ஒரு நொடியில் நெருக்கப்பட்டுச் சூடாகும். அங்கே துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் தீப்பற்றலாம். அதனால் அந்த ரெகுலேட்டரை ஆக்சிஜனுக்கென்றே தூய்மை செய்து, அதற்குரிய ஓ-ரிங்கும் மசகும் இட்டுத் தனியே வைத்திருக்க வேண்டும். டைட்டேனியம் எடை குறைவு, துருப்பிடிக்காது என்றாலும் செறிந்த ஆக்சிஜனில் எளிதில் எரியும் உலோகம் என்பதால் இங்கே அதற்கு இடமில்லை.

விலையும் பெயரும் எதுவானாலும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் உதிரிப் பாகமும் எட்டும் தூரத்தில் இல்லாத ரெகுலேட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கிய பிறகும் அதன் நலத்தை நாமே பார்க்கலாம். மிதவை உடைக்குக் காற்று தரும் குழாயின் முனையில் ஒரு சிறிய அழுத்தமானியை மாட்டி உருளையைத் திறந்தால் முள் 9.5 பாரை ஒட்டி வந்து நிற்கும். ஒரு மூச்சு இழுத்தால் சற்றே இறங்கி, விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும். பிறகு ஐந்து நிமிடம் அதையே கவனித்திருக்க வேண்டும். முள் அசையாமல் இருந்தால் நல்லது. மெல்ல மெல்ல 10, 10.5 என்று ஊர்ந்து ஏறினால் முதல் நிலையின் உயரழுத்த இருக்கை (வால்வு மூடும்போது அழுந்தி அடைக்கும் பகுதி) தேய்ந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு அந்த ரெகுலேட்டரைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும்.