கேதோடு வேறு, எதிர்மின்வாய் வேறு

லித்தியம் அயனி மின்கலம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ஒரு வரியை அடிக்கடி பார்க்கிறேன். ஜான் குடினஃப் தந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு எதிர்மின்வாயாம், அதாவது மின்கலத்தின் எதிர்ப் பக்கப் பொருளாம். அதற்கு இணையாக அகிரா யோஷினோ வைத்த கார்பன் நேர்மின்வாயாம். 2019-இல் இவ்விருவருக்கும் ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் சேர்த்து வேதியியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். அதன் பிறகு இந்த வரி ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிக்கொண்டே போகிறது. மின்சார ஸ்கூட்டர் வாங்குவோருக்கான வழிகாட்டி ஒன்றில்கூட அண்மையில் இதையே படித்தேன்.

இது முழுத் தலைகீழ். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு இருக்கும் பக்கம்தான் அந்த மின்கலத்தின் நேர்ப் பக்கம். மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை அங்கே வைத்து, கறுப்புக் கம்பியைக் கார்பன் பக்கம் வைத்தால் கழித்தல் குறி இல்லாமல் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். கண்ணெதிரே தெரியும் இந்த உண்மைக்கு எதிராக ஏன் எழுதுகிறார்கள்? ஆங்கில மூலத்தில் 'கேதோடு' என்று இருக்கிறது. அகராதியைத் திறந்தால் கேதோடு என்பதற்கு எதிர்மின்வாய் என்று போட்டிருக்கிறது. அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள்.

மூலச் சொற்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1834-இல் மைக்கேல் ஃபாரடே, மின்சாரம் செலுத்திக் கரைசலைப் பகுக்கும் மின்பகுப்பு பற்றி எழுதும்போது புதுச் சொற்கள் தேவைப்பட்டன. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் கிரேக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'ஹோடோஸ்' என்றால் வழி. 'அனோ' மேலே, 'கட்டா' கீழே. மின்னோட்டம் கரைசலுக்குள் நுழையும் வழி ஆனோடு, வெளியேறும் வழி கேதோடு. இன்றைய வேதியியலார் இன்னும் கறாராகச் சொல்வார்கள்: ஆக்சிஜனேற்றம் (எலக்ட்ரானை இழப்பது) நடக்கும் இடம் ஆனோடு, ஒடுக்கம் (எலக்ட்ரானைப் பெறுவது) நடக்கும் இடம் கேதோடு. இந்த வரையறைகளில் நேர் என்றோ எதிர் என்றோ ஒரு சொல்லும் கிடையாது. அது தற்செயல் அல்ல. 'துருவம்' என்ற பழைய சொல், அயனிகளை ஏதோ ஒன்று ஈர்த்து இழுப்பதாகத் தோன்றச் செய்கிறது என்றுதான் ஃபாரடே அதைக் கைவிட்டு, எந்தக் கொள்கையின் சாயலும் படாத சொற்களைத் தேடினார். அவர் கவனமாக வெளியே நிறுத்தியதை நாம் 'நேர்', 'எதிர்' என்ற முன்னொட்டுகளாக உள்ளே கொண்டுவந்துவிட்டோம்.

தமிழில் முதலில் இப்படிப் பெயர்த்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் முன்னால் இருந்தவை மின்பகுப்புத் தொட்டியும் வெற்றிடக் குழாயும். செப்பு முலாம் பூசும் தொட்டியில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறோம். அங்கே ஆனோடு நேர்முனையோடுதான் இணைந்திருக்கும், கேதோடு எதிர்முனையோடுதான். கேதோடு கதிர் வருவதும் எதிர்ப் பக்கத்திலிருந்துதான். அந்த இடங்களில் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்பது சரியான தமிழ். மின்கலத்தில் கதை திரும்புகிறது. அங்கே மின்சாரம் வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளிருந்து புறப்படுகிறது. ஆக்சிஜனேற்றம் நடக்கும் பக்கம் எலக்ட்ரானை வெளிச்சுற்றுக்குத் தள்ளும், ஆகவே அது எதிர்ப் பக்கம். பழைய டார்ச் லைட் செல்லை உடைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். துத்தநாகக் குவளைதான் கரைந்து ஓட்டை விழும், அதுதான் ஆனோடு, அந்த அடிப்பக்கத்தில்தான் கழித்தல் குறி.

ஒரு குறி மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்காக யோஷினோவின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அவர் அசாஹி கசெய் நிறுவனத்தின் பொறியாளர். 1980-களின் தொடக்கத்தில் மின்கடத்தும் பிளாஸ்டிக்கான பாலிஅசிட்டிலீனை மின்கலத்தின் எதிர்ப் பக்கத்தில் வைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு இணையாக வைக்க நல்ல நேர்ப் பக்கப் பொருள் கிடைக்கவில்லை. குடினஃபின் குழு 1980-இல் வெளியிட்ட லித்தியம் கோபால்ட் ஆக்சைடு ஆய்வு கண்ணில் பட்டதும் வழி திறந்தது. பாலிஅசிட்டிலீன் எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். அதனால் கார்பன் பக்கம் திரும்பி, 1985-இல் பெட்ரோலியம் கோக் வகைக் கார்பனுக்கு வந்து சேர்ந்தார். 1986-இல் அந்த மின்கலத்தின் மீது இரும்புப் பாளத்தைப் போட்டுச் சோதித்தார்கள், நசுங்கியது, தீப்பிடிக்கவில்லை. லித்தியம் உலோகம் வைத்த மின்கலம் அதே அடியில் தீப்பற்றியது. 1991-இல் சோனி லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

எல்லோரும் கார்பனோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அவருடைய மற்ற கண்டுபிடிப்புகள்தான் இன்னும் வியப்பு. மின்வாய்ப் பொருளை மெல்லிய உலோகத் தாள் மீது பூசிச் சுருளாகச் சுற்ற வேண்டும். நேர்ப் பக்கத்தில் 4 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் உலோகம் எது? தங்கமும் பிளாட்டினமும்தான் நிற்கும் என்று கருதியிருந்த இடத்தில், அலுமினியத் தாள் போதும் என்று யோஷினோ காட்டினார். அதன் மேல் தானாக உண்டாகும் காப்புப் படலம் அரிப்பைத் தடுத்துவிடுகிறது. எதிர்ப் பக்கத்துக்கோ செம்புத் தாள். இடம் மாற்றி வைக்க முடியாது: எதிர்ப் பக்கத்தின் தாழ்ந்த மின்னழுத்தத்தில் அலுமினியம் லித்தியத்தோடு கலந்து உதிரும், நேர்ப் பக்கத்தின் உயர்ந்த மின்னழுத்தத்தில் செம்பு கரையும். இப்போது அந்தத் தமிழ்க் கட்டுரையைப் படித்த மாணவர் என்ன புரிந்துகொள்வார்? எதிர்மின்வாயில் அலுமினியம், நேர்மின்வாயில் செம்பு என்று. அப்படி ஒரு மின்கலம் செய்தால் வேலை செய்யாது. யோஷினோவின் கண்டுபிடிப்பையே ஒரு முன்னொட்டு அழித்துவிடுகிறது.

இதைச் சொன்னால் மூன்று விதமாகப் பதில் வருகிறது.

முதலாவது, வழங்கிவிட்டதை மாற்றாதே, எதிர்மின்வாய் என்றால் கேதோடு என்று வைத்துக்கொண்டால் போயிற்று என்பது. ஆங்கிலச் சொல்லுக்கு இந்தச் சமாதானம் பொருந்தும், ஏனென்றால் கேதோடு என்ற ஒலியில் நேரும் இல்லை, எதிரும் இல்லை. தமிழ்ச் சொல் அப்படிப்பட்டதல்ல. 'எதிர்மின்' என்று வாசித்த கணத்திலேயே வாசகர் பொருளைப் பிடித்துக்கொள்கிறார். பொருள் விளங்கும்படி சொல் ஆக்குவதுதானே நம் பெருமை? அந்தப் பெருமைக்கு ஒரு கடமையும் உண்டு. விளங்கும் பொருள் உண்மையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அனோட்டு, கதோட்டு என்று இலங்கைப் பாடநூல்களைப் போல ஒலிபெயர்த்துவிடலாம் என்பது. இதை மதிக்கிறேன். தனித்தமிழ்ப் பற்றாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பொய் சொல்லும் தமிழ்ச் சொல்லைவிட உண்மை சொல்லும் கடன்சொல் மேல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வினையின் தன்மையைப் பேச வேண்டிய வேதியியல் வகுப்பில் இதுவே நல்லது. பொதுவாசகருக்கு எழுதும்போதுதான் சிக்கல். பள்ளியில் மனப்பாடம் செய்த சோடி அவர் மனத்தில் இருக்கிறது. கேதோடு என்று எழுதினாலும் தலைக்குள் எதிர்மின்வாய் என்று பெயர்த்துக்கொண்டுதான் படிப்பார்.

மூன்றாவது பதில்தான் தீவிரத் தூய்மையாளர்களுடையது. ஆக்சிஜனேற்ற வாய், ஒடுக்க வாய் என்று வினையை வைத்தே பெயரிட வேண்டும் என்கிறார்கள். கேட்க நேர்த்தியாக இருக்கிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும் மின்கலத்தில் இது நிற்குமா? சார்ஜ் இறங்கும்போது கோபால்ட் ஆக்சைடில் ஒடுக்கம். ஏற்றும்போது அதே பொருளில் ஆக்சிஜனேற்றம். காலையில் ஒடுக்க வாயாக இருந்தது இரவில் ஆக்சிஜனேற்ற வாயாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. யோஷினோவின் அமைப்பில் லித்தியம் முழுவதும் தொடக்கத்தில் கோபால்ட் ஆக்சைடுக்குள்ளேதான் இருக்கிறது; கார்பன் வெறுமையாக இருக்கும். ஆக, ஆலையில் செய்து முடித்த மின்கலத்துக்கு முதல் வேலையே சார்ஜ் ஏற்றுவது. கறாரான வரையறைப்படி பார்த்தால், உலகமே கேதோடு என்றழைக்கும் அந்தப் பொருள் தன் வாழ்வின் முதல் வேலையை ஆனோடாகத்தான் செய்கிறது! சார்ஜ் இறங்கும் நிலையை வைத்து ஒரு பெயரைச் சூட்டி, அதையே எப்போதும் சொல்வது ஆங்கிலத்தில் ஒரு வழக்கம், அவ்வளவுதான். மாறாதது எது? மின்குறி. ஏற்றினாலும் இறக்கினாலும் கோபால்ட் ஆக்சைடு பக்கம் நேர்தான், கார்பன் பக்கம் எதிர்தான்.

ஆகவே என் முடிவு இது. மின்கலத்தைப் பற்றி எழுதும்போது மூலத்தில் கேதோடு என்று கண்டால் தமிழில் நேர்மின்வாய் என்று எழுத வேண்டும். ஆனோடு என்று கண்டால் எதிர்மின்வாய். இலங்கை வழக்கில் மறைமின்வாய் என்றாலும் சரி. அகராதிக்கு நேர்மாறாகத் தோன்றும், தோன்றட்டும். பெயர்க்க வேண்டியது பொருளை.

யோஷினோவின் சொந்த மொழியே இதற்குச் சான்று. ஜப்பானியர் மின்பகுப்புக்கு ஒரு சோடி வைத்திருக்கிறார்கள்: யோக்யொக்கு, இன்க்யொக்கு. மின்கலத்துக்கு வேறொரு சோடி: செய்க்யொக்கு, ஃபுக்யொக்கு. இரண்டாவது சோடிக்கு நேர்முனை, எதிர்முனை என்பதே பொருள். கோபால்ட் ஆக்சைடு பக்கத்துக்கு அவர்கள் மொழியில் பெயர் செய்க்யொக்கு. ஜப்பானியப் பொறியாளர் ஒருவரின் கண்டுபிடிப்பை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, வரும் வழியில் குறியை மாற்றிவிட்டுத் தமிழுக்குத் தருகிறோம்.

தவறு இவ்வளவு ஆழமாக வேரோடியதற்குப் பள்ளிப் பாடம் இன்னொரு காரணம். எதிரெதிர் மின்சுமைகள் ஈர்க்கும் என்று படித்தவர், லித்தியம் நேரயனி போய்ச் சேரும் இடம் எதிர்மின்வாயாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. மின்பகுப்பில் அது சரி. மின்கலத்தில் சார்ஜ் இறங்கும்போது லித்தியம் நேரயனி கார்பனை விட்டுப் புறப்பட்டு நேர்மின்வாய்க்குத்தான் போகிறது, ஏனென்றால் கோபால்ட் ஆக்சைடுக்குள் அமர்வதுதான் அதற்கு ஆற்றல் குறைந்த நிலை. ஃபாரடே 'துருவம்' என்ற சொல்லைப் பற்றிப் பட்ட கவலையும் இதுவே.

மின்கல ஆய்வாளர் ஆறுமுகம் மந்திரத்தின் பணியைப் பற்றி எழுதும்போதாவது இதில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்தவர். 2019 டிசம்பரில் குடினஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவர். ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட், மாலிப்டேட் போன்ற பல்லணு அயனிகளை வைத்தால் இரும்புச் சேர்மத்தின் மின்னழுத்தம் உயர்கிறது என்று 1980-களின் இறுதியில் அவரும் குடினஃபும் காட்டினார்கள். சல்பேட்டில் 3.6 வோல்ட், மாலிப்டேட்டில் 3.0 வோல்ட். அந்த வேலை முழுவதும் நேர்மின்வாய் பற்றியது. அவரை எதிர்மின்வாய் ஆய்வாளர் என்று தமிழிலேயே எழுதுவது எனக்கு உண்மையில் வலிக்கிறது.

'மின்வாய்' என்ற சொல்லை மட்டும் யாரும் தொட வேண்டாம். மின்முனை என்று மாற்றுகிறவர்கள் நல்ல சொல்லைக் கெட்டதற்கு விற்கிறார்கள். முனை என்பது வெளியே கம்பி மாட்டும் இடம். வாய் என்பது நுழைவழி: வாயில், வாய்க்கால், கணவாய். கிரேக்க 'ஹோடோஸ்' சொல்லும் வழியும் இதுதான். ஒரு மின்கலத்தில் முனையும் உண்டு, வாயும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அலுமினியத் தாளில் பூசிய பொருளைச் சொல்கிறோமா, வெளியே தெரியும் குமிழைச் சொல்கிறோமா என்பதே தெரியாது.

மொழிபெயர்ப்பு மென்பொருள் துப்பியதைத் திருத்தாமல் போடும் பழக்கம் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். மின்னோட்டத்தைத் திரட்டும் அந்த உலோகத் தாளுக்கு 'தற்போதைய சேகரிப்பான்' என்று பெயர். கரண்ட் என்ற சொல்லுக்கு மின்னோட்டம் என்றும் பொருள் உண்டு என்பது மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம். பெயரைப் போட்டுக்கொள்ளும் மனிதருக்கும் தெரியாதா? மின்திரட்டி என்றால் முடிந்தது. சூடு தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு மின்கலம் தீப்பற்றுவதை 'வெப்ப ஓட்டம்' என்கிறார்கள். வெந்நீர்க் குழாயில் நடப்பதுபோல் சாதுவாக ஒலிக்கிறது. உயிர் போகும் ஆபத்தை வாசகருக்குச் சொல்ல வேண்டும். வெப்பக் கட்டுமீறல் என்று எழுதலாம்.

இரு மின்வாய்களுக்கும் நடுவே இருக்கும் நுண்துளைத் தாளுக்குப் 'பிரிப்பான்' என்ற சொல் பரவியிருக்கிறது. கலந்ததைப் பிரித்தெடுக்கும் கருவிக்குத்தான் அது பொருந்தும். இந்தத் தாள் எதையும் பிரித்தெடுப்பதில்லை. மின்வாய்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவே நின்று, அயனிகளை மட்டும் போகவர விடுகிறது. யோஷினோ தேர்ந்தது 20 முதல் 30 மைக்ரான் கனமுள்ள பாலிஎத்திலீன். உள்ளே சூடு 130 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறினால் அது இளகித் துளைகளை அடைத்துக்கொள்ளும். அயனிப் போக்கு நின்று, மின்கலம் தானே ஓய்ந்துவிடும். இடைப்படலம் என்று நான் எழுதுகிறேன்.