திரும்பத் திரும்ப வரும் சிறுநீரகக் கல்வலி: உடலுக்குள் நடப்பது என்ன?

சிறுநீரகத்துக்குள் 1 சென்டிமீட்டர் அளவுள்ள கல்லை ஆண்டுக்கணக்கில் சுமந்துகொண்டு, அது இருப்பதே தெரியாமல் நடமாடுபவர்கள் உண்டு. வேறு ஏதோ காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போதுதான் அவர்களுக்கு அது தெரியவருகிறது. ஆனால் 4 மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு துகள், நல்ல உடல்வலிமை உள்ளவரையும் தரையில் உருண்டு புரள வைத்துவிடுகிறது. கல்லின் அளவும் வலியின் அளவும் ஏன் இப்படிப் பொருந்தாமல் இருக்கின்றன என்பது புரிந்துவிட்டால், இந்த வலியைத் தணிக்கச் சொல்லப்படும் வழிகளில் எது உதவும், எது வீண், எது ஆபத்து என்பதும் பெருமளவு விளங்கிவிடும். ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் வருகிறது. அடுத்த முறை நள்ளிரவில் வலி எழும்போது அவர்களுக்கு இந்த விளக்கம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையோடுதான் இதை எழுதுகிறேன்.

கல்லின் கூர்முனைகள் குழாயைக் கீறிக்கொண்டு இறங்குவதால் வலிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கீறல் ஏற்படுவது உண்மைதான். சிறுநீரில் ரத்தம் கலப்பதற்கு அது ஒரு காரணம். என்றாலும் அந்தக் கொடிய வலியின் பெரும்பங்கு அடைப்பினால் வருவது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும், உள்ளே 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதிலும் மூன்று இடங்களில் அது மேலும் குறுகுகிறது: சிறுநீரகத்தை விட்டு வெளியேறும் இடம், இடுப்பெலும்பின் விளிம்பில் பெரிய ரத்தக்குழாய்களைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பையின் சுவரைத் துளைத்து உள்ளே நுழையும் இடம். கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் ஒடுங்கியது. கல் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் சிக்கிக்கொள்கிறது.

அடைப்பு விழுந்த பிறகும் சிறுநீரகம் தன் வேலையை நிறுத்துவதில்லை. வடிகட்டிய நீர் கல்லுக்கு மேலே தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகத்தின் உட்குழிவும் அதைப் போர்த்தியுள்ள உறையும் விரிகின்றன. அந்த விரிவை உணரும் நரம்பு முனைகளே வலியை எழுப்புகின்றன. இதற்குள் உடல் தன்னையறியாமல் ஒரு நச்சுச் சுழலையும் தொடங்கிவிடுகிறது. அழுத்தம் ஏறிய சிறுநீரகத்தில் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. அவை சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களை விரிக்கின்றன. ரத்த ஓட்டம் கூடுவதால் சிறுநீர் மேலும் ஊறி, ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் இன்னும் அழுத்தம் சேர்கிறது. குழாயின் தசையோ, கல்லைக் கீழே தள்ளிவிட வேண்டும் என்ற முயற்சியில் விடாமல் இறுகுகிறது. நெடுநேரம் இறுகி நிற்கும் தசையில் சேரும் லாக்டிக் அமிலம் அங்குள்ள நரம்புகளை மேலும் உறுத்துகிறது.

இந்த வலி விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் தொடங்கி, அடிவயிற்றுக்கும், தொடை இடுக்குக்கும், ஆண்களுக்கு விதைக்கும், பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளிப்பகுதிக்கும் பரவுவது ஏன் என்பதற்கும் நரம்பு அமைப்பிலேயே விடை இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்தும் சிறுநீர்க்குழாயிலிருந்தும் வரும் வலிச் செய்திகள் முதுகெலும்பில் கடைசி மார்புப் பகுதி முள்ளெலும்புகளுக்கும் முதல் இடுப்புப் பகுதி முள்ளெலும்புக்கும் உரிய மட்டத்தில் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. அடிவயிறு, தொடை இடுக்கு ஆகியவற்றின் தோலிலிருந்து வரும் செய்திகளும் அதே நரம்பணுக்களிடம்தான் வந்து சேர்கின்றன. தோலிலிருந்து செய்தி வருவதையே பழகிப்போன மூளை, உள்ளுறுப்பின் கூக்குரலையும் தோலின் கணக்கில் எழுதிவிடுகிறது. கல் கீழே இறங்க இறங்க வலியும் முன்னோக்கிக் கீழே நகர்வதாக உணர்வது இதனால்தான். சிறுநீரகமும் குடலும் நரம்பு வழிகளைப் பகிர்ந்துகொள்வதால் குமட்டலும் வாந்தியும் சேர்ந்து வருகின்றன. வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாதபோதும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று முதல்முறை பாதிக்கப்படுபவர் குழம்புவது இயல்பு. குடல்வால் வெடித்து வயிற்றுறை அழற்சி கண்டவர் அசைந்தால் வலிக்கும் என்று ஆடாமல் படுத்திருப்பார். கல்வலி வந்தவரோ எப்படிப் படுத்தாலும் நிம்மதி கிடைக்காமல் எழுந்து, நடந்து, குனிந்து, மண்டியிட்டுத் தவிப்பார். அந்தத் தவிப்பே மருத்துவருக்கு ஓர் அடையாளம். அதை மிகைப்படுத்தல் என்று அருகில் இருப்பவர்கள் ஒருபோதும் எண்ணிவிடக் கூடாது.

வலி அலையலையாக வருகிறது, பெரும்பாலும் தொடங்கிய ஓரிரு மணி நேரத்தில் உச்சத்தை எட்டுகிறது, பிறகு சில மணி நேரம் கழித்துத் தணியத் தொடங்குகிறது. இந்தத் தணிவை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். கல் நகர்ந்து வழிவிட்டதால் வலி குறைந்திருக்கலாம். ஆனால் அடைப்பு அப்படியே இருக்கும்போதும் வலி குறைவதுண்டு. அடைப்பு விழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் கூடும் சிறுநீரக ரத்த ஓட்டம் அதன்பின் சரியத் தொடங்குகிறது. ஏறத்தாழ ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு, வடிகட்டும் வேலையே குறைந்துபோவதால், குழாயின் அழுத்தமும் இறங்கிவிடுகிறது. அப்போது கிடைக்கும் நிம்மதி, சிறுநீரகம் தளர்ந்துபோனதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம். வலி போய்விட்டது, இனி ஸ்கேன் எதற்கு என்று விட்டுவிடுவதால் பல வாரங்கள் சத்தமின்றி அடைபட்டுக் கிடந்து பழுதாகும் சிறுநீரகங்கள் உண்டு. கல் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்காதவரை, அது போய்விட்டதைப் பரிசோதனையால் உறுதி செய்துகொள்வது அவசியம்.

வலியின் வேர் புராஸ்டாகிளாண்டினில் இருப்பதால், அதன் உற்பத்தியைத் தடுக்கும் டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக் போன்ற மருந்துகள் முதல் தேர்வாக இருக்கின்றன. அபினிலிருந்து பெறப்படும் மார்பின் (morphine) வகை மருந்துகள் வலியை உணரும் நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்துகின்றன; டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தின் அழுத்தத்தையே குறைக்கிறது. கத்தாரில் 1,645 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், தசையில் போடப்பட்ட டைக்ளோஃபினாக் ஊசி, ரத்தக்குழாய் வழியே தரப்பட்ட மார்பினைவிடச் சிறப்பாக வலியைத் தணித்தது. வாந்தி போன்ற பக்கவிளைவுகளும் குறைவாக இருந்தன. வலுவான மருந்து என்றாலே மார்பின்தான் என்ற எண்ணம் இந்த நோயில் பொருந்துவதில்லை. ஆயினும் இந்த மருந்துகள் எல்லோருக்கும் ஏற்றவை அல்ல. சிறுநீரகச் செயல்பாடு ஏற்கெனவே குறைந்தவர்கள், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள், வயிற்றுப்புண், இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இவை கேடு செய்யக்கூடும். அவர்களுக்கு ரத்தக்குழாய் வழியே தரப்படும் பாராசிட்டமால் உள்ளிட்ட வேறு வழிகள் உள்ளன. அடிக்கடி கல் வருபவர், தமக்கு எந்த மருந்து ஏற்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கொருமுறை என்பதை வலியில்லாத நாளில் மருத்துவரிடம் பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வலியின் நடுவில் யாராலும் தெளிவாக யோசிக்க முடியாது.

தண்ணீரைப் பற்றி ஒரு தவறான அறிவுரை நெடுங்காலமாக உலவுகிறது. வலி வந்தவுடன் லிட்டர் கணக்கில் குடித்தால் கல் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது அது. அடைபட்ட குழாய்க்குள் மேலிருந்து இன்னும் நீரைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னவற்றிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். வலியின்போது வலிந்து திரவம் ஏற்றுவதால் கல் விரைவாக வெளியேறுகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. வாந்தியால் இழந்ததை ஈடுகட்டும் அளவுக்கு, தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டிய காலம் வலியில்லாத காலம்தான். வெந்நீர்ப்பை ஒத்தடமோ உண்மையிலேயே உதவுகிறது. தோலின் வெப்ப நரம்புகள் தண்டுவடத்தில் அதே வாயிலில் நுழைந்து வலிச் செய்தியை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. தோல் சுடாத வெப்பத்தில், வலிக்கும் பக்கத்தில் விலாவுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை அது ஒரு துணை.

சில நிலைகளில் வீட்டில் காத்திருக்கவே கூடாது. வலியோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், தேங்கிய சிறுநீரில் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கலாம். அடைபட்ட சிறுநீரகத்துக்குள் மருந்து சரியாகச் சென்று சேராது என்பதால், சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைத்தோ முதுகு வழியே சிறு குழாய் செருகியோ உடனடியாகச் சிறுநீரை வடித்தாக வேண்டும். சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். சிறுநீர் அறவே வராமல் போவது, மருந்துக்கும் அடங்காத வலி, எதையும் உள்ளே தங்கவிடாத வாந்தி, ஒற்றைச் சிறுநீரகத்தில் அடைப்பு ஆகியவையும் அப்படிப்பட்டவையே.

மற்றபடி, சிறிய கற்கள் பெரும்பாலும் தாமே இறங்கிவிடுகின்றன. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தானாக வெளியேறுகின்றன. 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ளவற்றில் ஏறத்தாழப் பாதி. 2 மில்லிமீட்டர் கல்லுக்குச் சராசரியாக எட்டு நாட்களும், 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் மூன்று வாரங்களும் ஆகக்கூடும். குழாயின் கீழ்ப்பகுதியில் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் சிக்கியிருந்தால், தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மாத்திரை உதவலாம். அதைவிடச் சிறிய கல்லுக்கு அதனால் பெரிய பயனில்லை. இந்தக் காத்திருப்பில் வலி ஒருநாள் முழுவதும் காணாமல் போய், மறுநாள் திடீரென்று திரும்பும். கல் சற்று நகர்ந்து வேறிடத்தில் சிக்கியிருக்கிறது என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

அடிக்கடி கல் வருபவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு துன்பம் உண்டு; அது போதிய அளவு பேசப்படுவதில்லை. கல் போய்விட்ட பிறகும், ஸ்கேனில் அடைப்பு எதுவும் தெரியாதபோதும், அந்தப் பக்கத்து இடுப்புத்தசை தொட்டாலே நோகிறது, லேசான குத்தல் தொடர்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் நோயாளிகளிடமும், சிறுநீர்க்குழாயில் செயற்கைக் கல் வைக்கப்பட்ட எலிகளிடமும் இதை ஆராய்ந்தார்கள். வலித் தாக்குதல்கள் எத்தனை முறை வந்தனவோ அதற்கேற்ப அந்தப் பகுதித் தசையின் கூருணர்வு மிகுவதையும், கல் வெளியேறிய பின்னும் அது நீடிப்பதையும் கண்டார்கள். மீண்டும் மீண்டும் வலிச் செய்தியைப் பெற்ற தண்டுவட நரம்பணுக்கள் சிறு தூண்டலுக்கும் பெரிதாகப் பதில் அளிக்கப் பழகிவிடுகின்றன. ஆகவே, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட பிறகும் வலிக்கிறது என்பவர் பொய் சொல்லவில்லை, கற்பனையும் செய்யவில்லை. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதை நான் துணிச்சலாகக் கருதாததற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு தாக்குதலையும் முளையிலேயே தணிப்பதுதான் நரம்புகளுக்குச் செய்யும் உதவி. புதிய கல்லின் வலியையும் இந்த எச்ச வலியையும் முழு உறுதியோடு பிரித்தறிய முடியாது. எனினும் அலையலையாக ஏறுவதும், குமட்டலோடு வருவதும், சிறுநீரில் நிறம் மாறுவதும் பெரும்பாலும் கல்லைச் சுட்டுகின்றன. அசைவுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப மாறும் மந்தமான நோவு பெரும்பாலும் தசையினுடையது.

அடுத்த கல் உருவாகாமல் தடுப்பதைவிடச் சிறந்த வலி நிவாரணி கிடையாது. சிறுநீரில் கரைந்துள்ள உப்புகள் கரையும் எல்லையைத் தாண்டும்போது படிகமாகின்றன. நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீர் குடித்தவர்களில், ஐந்து ஆண்டுகளில் 12 விழுக்காட்டினருக்கே மீண்டும் கல் வந்தது. குடிக்கும் அளவை மாற்றிக்கொள்ளாதவர்களில் அது 27 விழுக்காடு என்று 1996-இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. அதே ஆய்வுக் குழு 2002-இல் காட்டிய இன்னொரு முடிவு பலரைத் திகைக்க வைத்தது. கல்லில் கால்சியம் இருக்கிறது என்பதற்காக உணவில் கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, வழக்கமான அளவு கால்சியம் உண்டு, உப்பையும் இறைச்சிப் புரதத்தையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. உணவோடு வரும் கால்சியம் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் என்னும் உணவுப்பொருள் உப்பைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. கால்சியம் குறைந்தால் தனித்து விடப்பட்ட ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வருகிறது. உப்பு கூடினால், சோடியத்தோடு சேர்ந்து கால்சியமும் சிறுநீரில் அதிகமாக வெளியேறுகிறது.

இவை கற்களில் பெரும்பான்மையான கால்சியம் ஆக்சலேட் வகைக்குப் பொருந்துபவை. யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் கதையே வேறு: சிறுநீரின் அமிலத்தன்மையை பொட்டாசியம் சிட்ரேட் கொண்டு குறைத்தாலே பல நேரங்களில் அது கரைந்துவிடும், கத்தியோ அதிர்வலைச் சிகிச்சையோ தேவைப்படாமல் போகலாம். கிருமித் தொற்றால் வளரும் கல்லுக்கும், பரம்பரையாக வரும் சிஸ்டீன் கல்லுக்கும் வழி தனித்தனியே. எனவே வலி வந்த நாட்களில் சிறுநீரை ஒரு சல்லடையிலோ மெல்லிய துணியிலோ வடித்து, கிடைக்கும் துகளை உலர வைத்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். எள்ளளவு துகளாக இருந்தாலும் அதன் வகையைச் சொல்ல அது போதும்.