கிரிப்டோவில் நட்டமா? அப்போதும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்

"மொத்தத்தில் பத்தாயிரம் ரூபாய் நட்டப்பட்டு நிற்கிறேன். எனக்கு எதற்கு சார் வரி?"

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் கேட்டார். வருமான வரித் துறையிலிருந்து வந்த மின்னஞ்சலை அச்செடுத்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்திருந்தார். கேள்வி நியாயமானதுதான். சட்டத்தில்தான் அதற்கு நியாயமான பதில் இல்லை.

பின்னணியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 2018-இல் ரிசர்வ் வங்கி, பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களுக்கு வங்கிக் கதவை அடைத்தது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திறந்துவிட்டது. 2022 பட்ஜெட்டில் அரசு வரி போட்டது. கிரிப்டோ செல்லத்தக்க பணமும் அல்ல, தடை செய்யப்பட்ட பொருளும் அல்ல. எல்லோர் கைக்கும் வரப்போகும் நாளைய பணம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது வருமான வரிப் படிவத்துக்குள் மட்டும் ஏற்கெனவே வந்துவிட்டது.

இளைஞரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாணயத்தை ஒரு லட்சத்துக்கு வாங்கி 1,60,000 ரூபாய்க்கு விற்றார், லாபம் 60,000. இன்னொன்றை ஒரு லட்சத்துக்கு வாங்கி 30,000 ரூபாய்க்கு விற்றார், நட்டம் 70,000. நாமாக இருந்தால் பத்தாயிரம் நட்டம் என்று நோட்டில் எழுதிவிட்டுப் படுத்துவிடுவோம். வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஎச் பிரிவு அப்படிப் பார்ப்பதில்லை. லாபம் வந்த விற்பனைக்கு 30 சதவீத வரி, அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. நட்டம் வந்த விற்பனையை இதில் கழிக்க முடியாது; அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆக அவர் கட்ட வேண்டியது 18,720 ரூபாய். கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்த கட்டணத்தையும் கழிக்க விடமாட்டார்கள். வாங்கிய விலை மட்டும்தான் கழியும்.

பலரும் விழுகிற முதல் குழி, "ஆண்டுக்கு 12 லட்சம் வரை வரியே கிடையாதாமே" என்ற நம்பிக்கை. அந்தத் தள்ளுபடி கிரிப்டோ லாபத்துக்கு இல்லை. அடிப்படை விலக்கு வரம்பும் இல்லை. வேறு வருமானமே இல்லாத கல்லூரி மாணவர் ஐயாயிரம் லாபம் பார்த்தாலும் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்.

அடுத்த குழி, "ரூபாயாக மாற்றவே இல்லையே, ஆப்பிலேயேதானே இருக்கிறது" என்பது. பிட்காயினைக் கொடுத்து யுஎஸ்டிடி (டாலர் விலையை ஒட்டியே நிற்கும் இன்னொரு கிரிப்டோ) வாங்கினாலும் அது விற்பனைதான். வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வராமலே வரி விழும்.

இனி உங்கள் பணத்துக்கு வருகிறேன். 2022 ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். லாபத்தில் அல்ல, விற்ற மொத்தத் தொகையில். நட்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். ஒரு லட்சம் ரூபாயை ஐம்பது முறை வாங்கி விற்றால், விலை அசையாமலே சுமார் 39,500 ரூபாய் டி.டி.எஸ்.ஸாகப் போய்விடும். அது தனி வரி அல்ல, கட்ட வேண்டிய வரிக்காக முன்கூட்டியே எடுத்து வைத்த பணம். கட்ட வேண்டிய வரி குறைவென்றால் மீதி உங்களுக்குச் சொந்தம். ஆனால் கேட்டால்தான் தருவார்கள். கேட்பது என்றால் கணக்குத் தாக்கல் செய்வது. "நட்டம்தானே, எதற்குத் தாக்கல்" என்று விட்டவர்களின் பணம், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அவர்கள் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஜூலை 31 தவறினால், தாமதக் கட்டணத்தோடு டிசம்பர் 31 வரை வழி உண்டு. அதற்குப் பிறகு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கோரி மனு போட்டு அலைய வேண்டும். அந்த அலைச்சலை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

படிவத்திலும் ஒரு சூது இருக்கிறது. சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1-இல் கிரிப்டோவுக்கு இடமே இல்லை. ஐடிஆர்-2 வேண்டும்; தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-3. அதில் விடிஏ (மெய்நிகர் டிஜிட்டல் சொத்து) என்ற அட்டவணையில் ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை கேட்பார்கள். இருநூறு ரூபாய்க்குத் தாக்கல் செய்து தரும் கணினி மையங்கள் இந்த அட்டவணையைத் தொடுவதில்லை. உங்கள் பரிவர்த்தனைகளைத் தொகுத்துக் காட்டும் துறையின் ஏ.ஐ.எஸ். அறிக்கையில் விற்பனைத் தொகை ஏறியிருக்கும், உங்கள் படிவத்தில் இருக்காது. பிறகு மின்னஞ்சல் வரும். ஐம்பதாயிரத்தையே இருபது முறை சுற்றியவருக்கு அங்கே பத்து லட்சம் விற்பனை என்று காட்டும். பதற வேண்டாம், வாங்கிய விலையைக் காட்டித் திருத்திய கணக்கு தாக்கல் செய்யுங்கள். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. 30 சதவீதமும் 1 சதவீதமும் அப்படியேதான்.

வரியைவிட என்னை அதிகம் கோபப்படுத்துவது வங்கிக் கணக்கு முடக்கம். எனக்குத் தெரிந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், பி-டு-பி முறையில், அதாவது இன்னொருவருக்கு நேரடியாக, 12,000 ரூபாய்க்கு யுஎஸ்டிடி விற்றார். வாங்கியவர் அனுப்பிய பணம், வேறெங்கோ ஒரு மோசடியில் பறிபோன பணம். பணத்தை இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய, ஓட்டுநரின் கணக்கு முழுவதும் முடங்கியது. ஆட்டோ தவணைக்கு வைத்திருந்த பணமும் சேர்த்து. கிளைக்குப் போனால், "மேலிருந்து வந்த உத்தரவு, போலீசிடம் கேளுங்கள்." போலீஸ் என்றால் எந்த ஊர்ப் போலீஸ்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே மூன்று முறை நடந்தார். வடமாநிலக் காவல் நிலையம். தொலைபேசியை எடுக்கவில்லை.

இந்த நிலை வந்தால் கிளையில் வாய்மொழியாகப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், சர்ச்சைக்குரிய தொகை. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி அதே மனுவில் கோருங்கள். கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் இதே வழியில் உத்தரவிட்டிருக்கின்றன. எக்ஸ்சேஞ்ச் ஆர்டர் எண், உரையாடல், பரிமாற்ற விவரம் எல்லாவற்றையும் விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள். பதில் இல்லையென்றால் நீதிமன்றம்தான். "ஐயாயிரம் கொடுங்கள், இன்றே எடுத்துவிடுகிறேன்" என்று டெலிகிராமில் வருகிறவர் இரண்டாவது மோசடிக்காரர்.

இந்த ஆபத்தைக் குறைக்க ஒரு வழி: ஆப்பில் உள்ள பெயரும் பணம் அனுப்பிய கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் நாணயத்தை விடுவிக்காதீர்கள். "அண்ணன் கணக்கிலிருந்து அனுப்பினேன்" என்பதை நம்ப வேண்டாம்.

"இந்த ஆப் எஃப்ஐயுவில் (அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு) பதிவு செய்ததுதானே, அரசு உத்தரவாதம்தானே?" என்றும் கேட்கிறார்கள். இல்லை. 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தப் பதிவு உங்களைக் கண்காணிப்பதற்கு, காப்பாற்றுவதற்கு அல்ல. வங்கி வைப்புக்கு உள்ள ஐந்து லட்சம் காப்பீடு இங்கே கிடையாது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் ஹேக் செய்யப்பட்டபோது சுமார் 23 கோடி டாலர் போனது. அதில் நாணயங்கள் சிக்கிக்கொண்ட ஒருவரின் வழக்கில்தான், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்துதான் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் சொத்தை மீட்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

திருப்பூர் இளைஞருக்கு வருவோம். டி.டி.எஸ். 1,900 போக 16,820 கட்ட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: முதல் நாணயத்தை வாங்கிய ஆப் மூடப்பட்டுவிட்டது, பட்டியல் எடுக்க வழியில்லை. வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லையென்றால் 1,60,000 முழுவதையும் லாபம் என்பார்கள். பழைய வங்கி அறிக்கையைத் தோண்டி, அந்த ஆப்புக்குப் பணம் போன வரியைக் கண்டுபிடித்தோம். உங்கள் ஆப் இன்னும் திறக்கிறதா? இன்றே பரிவர்த்தனைப் பட்டியலைப் பதிவிறக்கி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.